கிட் கார் கட்டறீங்களா, முதல்ல ஒரு தராசு வாங்குங்க

கிட் கார்னா பாகங்களா வாங்கி வீட்லயே கட்டற கார். அப்படி ஸ்போர்ட்ஸ் கார் கட்டறவங்க யாரைக் கேட்டாலும் ரெண்டு நம்பர் சொல்லுவாங்க, எத்தனை ஹார்ஸ்பவர், 100 கிமீ வேகம் தொட எத்தனை செகண்ட். எடை எவ்வளவுன்னு கேட்டா மட்டும் "ஒரு 500 இருக்கும்"னு இழுப்பாங்க. அந்த "இருக்கும்" தான் பிரச்சனையே. நானும் 520ன்னு நம்பிட்டு இருந்தேன், கட்டி முடிச்சு நாலு சக்கரத்தையும் எடை போட்டப்ப 604. 84 கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா பெருசா ஒரு குற்றவாளி கிடையாது, அங்க ஒரு கிலோ இங்க ரெண்டு கிலோன்னு எல்லாமே நானே சேர்த்தது தான். அதனால இந்த வழிகாட்டியை இன்ஜின்ல ஆரம்பிக்கல, தராசுல ஆரம்பிக்கறேன்.

முதல்ல எந்த எடைன்னு தெளிவாகிக்கோங்க, ஏன்னா இதுல தான் எல்லாரும் ஏமாறறாங்க. கிட் விக்கறவங்க போடற நம்பர் பெரும்பாலும் டிரை வெயிட், அதாவது பெட்ரோல் இல்ல, ஆயில் இல்ல, கூலன்ட் இல்ல, சில பேர் பேட்டரியையே எடுத்துட்டு எடை போடுவாங்க. ஐரோப்பிய விதிப்படி ஓடற நிலை எடைன்னா டேங்க் 90 சதவீதம் நிரம்பி, எல்லா திரவமும் இருந்து, 75 கிலோ டிரைவரும் உள்ள உக்காந்திருக்கணும். ஒரே கார், ரெண்டு நம்பருக்கும் 100 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரும். பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ, 35 லிட்டர்னா 26 கிலோ, கூலன்ட் 6, 7 கிலோ, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃப் (பின் சக்கரங்களுக்கு பவரைப் பிரிச்சு விடற டிஃபரன்ஷியல்) ஆயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 6, 7. நீங்க கணக்குக்கு எடுத்துக்க வேண்டியது ஒரே ஒரு எடை தான், பாதி டேங்க் பெட்ரோலோட நீங்க ஹெல்மெட் போட்டு உள்ள உக்காந்திருக்கற எடை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் தள்ளப் போறது அதைத்தான்.

இனி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க. மூணு பத்தி (column) போதும், பார்ட் பேரு, எடை, முன் ஆக்ஸில் நடுவுல இருந்து பின்னாடி எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வரப்போகுதுன்னு தூரம். டோனர் கார்ல இருந்து, அதாவது பாகங்களுக்காக வாங்கிப் பிரிக்கற பழைய கார்ல இருந்து, கழட்டற ஒவ்வொன்னும் நேரா தராசுக்கு போகணும், அப்புறம் தான் அலமாரிக்கு. சின்னதுக்கு சமையலறை தராசு, பெருசுக்கு நீங்க அதைத் தூக்கிட்டு பாத்ரூம் தராசுல ஏறி நின்னு உங்க எடையை கழிச்சுக்கோங்க, இன்ஜின் கியர்பாக்ஸுக்கு மட்டும் ஹாயிஸ்ட்ல மாட்டற கிரேன் தராசு யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. ஒவ்வொரு வரிசையிலயும் எடையையும் தூரத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்கலை எல்லாம் கூட்டி, வீல்பேஸால, அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையில இருக்கற தூரத்தால, வகுத்தீங்கன்னா பின் சக்கரங்க மேல எவ்வளவு எடை உக்காருதுன்னு வந்துடும். ஒரு டியூப் கூட வெல்டு பண்ணாம இருக்கும்போதே இது கையில இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு கீழ கணக்கு பாக்கும்போது புரியும்.

கார் உருண்டு நிக்கற நிலைக்கு வந்ததும் நிஜமா எடை போடணும். லாரி நிறுத்தற வேபிரிட்ஜ் நமக்கு ஆகாது, அது 10, 20 கிலோ படிப்படியா தான் காட்டும், லாரிக்கு அது போதும். சக்கரத்துக்கு ஒன்னா அடியில வைக்கற நாலு கார்னர் ஸ்கேல் கிடைச்சா பிரமாதம். கிடைக்கலன்னா பாத்ரூம் தராசும் ஒரு கெட்டிப் பலகையும் வச்சு செய்யலாம். பலகையோட ஒரு முனையை கட்டை மேலயும் மறுமுனையை தராசு மேலயும் வைங்க, ரெண்டு முனைக்கு அடியிலயும் ஒரு சின்ன இரும்பு ராடு குறுக்க போட்டுடுங்க, அப்ப தான் எடை எந்த இடத்துல இறங்குதுன்னு குழப்பம் இருக்காது. ராடுக்கு ராடு தூரத்துல, கட்டைப் பக்கத்துல இருந்து சரியா மூணுல ஒரு பங்குல சக்கரம் நின்னா தராசு மூணுல ஒரு பங்கு எடையைத் தான் காட்டும், 160 கிலோ சக்கரம் 53ன்னு தெரியும், மூணால பெருக்கிக்கோங்க. வெறும் பலகைக்கு காட்டற எடையை முதல்ல கழிக்க மறக்காதீங்க. மத்த மூணு சக்கரமும் அதே உயரத்துல நிக்கணும், 5 மிமீ ஏறி இறங்கினாலே நம்பர் கோணலாயிடும். டயர் காத்து சரி பார்த்து, ஆன்டி ரோல் பார் (இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கற கம்பி) லிங்கை கழட்டி, காரை கொஞ்சம் முன்ன பின்ன உருட்டி சஸ்பென்ஷன் அடங்கின பிறகு, டிரைவர் சீட்ல உங்க எடைக்கு மண் மூட்டை வச்சு போடுங்க. நாலு நம்பரையும் தாளில எழுதிட்டு மேல படிங்க.

இப்ப கணக்கு. 100 கிமீ வேகம்னா செகண்டுக்கு 27.8 மீட்டர். கார் 550, நீங்க 80, மொத்தம் 630 கிலோன்னு வச்சுக்குவோம். அந்த வேகத்துல காருக்குள்ள இருக்கற இயக்க ஆற்றல் பாதி எடை பெருக்கல் வேகத்தோட வர்க்கம், அதாவது சுமார் 243 கிலோஜூல். சுத்தற பாகங்களுக்கு, சக்கரம், ஃப்ளைவீல் (இன்ஜின் முனைல சுத்தற கனமான தட்டு) எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு 8 சதவீதம் கூட்டினா 262. இன்ஜின் 140 ஹார்ஸ்பவர், அது 104 கிலோவாட். கியர்பாக்ஸ் டிஃப்ல 15 சதவீதம் போயிடும், மிச்சம் 89. ஆனா இன்ஜின் எப்பவுமே உச்ச பவர்ல ஓடறதில்லையே, ஒவ்வொரு கியர்லயும் கீழ இருந்து ஏறி வரணும், அதனால சராசரியா 65 சதவீதம் தான் கிடைக்கும்னு வச்சா 58 கிலோவாட். 262ஐ 58 ஆல வகுத்தா 4.5 செகண்ட், ஒரு கியர் மாத்தறதுக்கு 0.4 சேர்த்தா 4.9.

இந்த 65 சதவீதம் என் கைக்கணக்கு தான், இயற்பியல் விதி எல்லாம் இல்ல. ஆனா தெரிஞ்ச கார்ல போட்டுப் பாருங்க. பிரிட்டிஷ் கம்பெனி கேட்டர்ஹாமோட செவன் 170ன்னு ஒரு சின்ன திறந்த ஸ்போர்ட்ஸ் கார், சுசுகியோட 660 சிசி டர்போ, 84 ஹார்ஸ்பவர், எடை 440 கிலோ, 60 மைல் அதாவது 96.6 கிமீ தொட கம்பெனி சொல்றது 6.9 செகண்ட். 75 கிலோ டிரைவரோட இதே கணக்கைப் போட்டா 5.8 வருது, ரெண்டு கியர் மாத்தலுக்கு 0.8 சேர்த்தா 6.6. கிட்டத்தட்ட அடிச்சிடுச்சு இல்லையா. 84 ஹார்ஸ்பவர்ங்கறது சாதாரண குடும்பக் காரோட பவர், அதை வச்சு 7 செகண்டுக்குள்ள வர வைக்கறது எடை தான். 1957ல லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டு வந்ததும் இந்த வழியில தான், ஃபோர்டோட 1172 சிசி சைட் வால்வ் இன்ஜின், சுமாரா 40 ஹார்ஸ்பவர், அவ்வளவே. அந்த டிசைனோட உரிமை 1973ல கேட்டர்ஹாமுக்கு போச்சு, இன்னைக்கும் வீட்ல கட்டற கார்ல பாதிக்கு மேல அதே எலும்புக்கூடு தான்னு எனக்குத் தோணுது.

சரி, அப்ப 140க்கு பதிலா 200 ஹார்ஸ்பவர் போட்டா? அதே கணக்குல 3.2 செகண்ட், கியர் மாத்தலோட 3.6 வரும். வராது. ஏன்னா இந்தக் கணக்குக்கு டயர்னு ஒன்னு இருக்கறதே தெரியாது.

பின் சக்கரம் தள்ளற கார்ல, டயர் வழுக்காம எவ்வளவு வேகமா முடுக்க முடியும்ங்கறதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. பின் ஆக்ஸில் மேல இருக்கற எடைப் பங்கை டயரோட பிடிமானத்தால (தன் மேல இருக்கற எடையில எத்தனை பங்கு விசையை டயர் வழுக்காம தரும்ங்கற எண்) பெருக்குங்க. அடுத்து, காரோட எடை மையம் தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்கோ அதை வீல்பேஸால வகுத்து, பிடிமானத்தால பெருக்கி, ஒன்னுல இருந்து கழிங்க. முதல் விடையை ரெண்டாவதால வகுத்தா ஜி கணக்குல (1 ஜின்னா கீழ விழற பொருளோட முடுக்கம்) உச்ச முடுக்கம் வந்துடும். செவன் மாதிரி ஒரு கார், பின்னாடி 52 சதவீதம், எடை மைய உயரம் 40 செமீ, வீல்பேஸ் 225 செமீ, நல்ல ரோடு டயர் பிடிமானம் 1ன்னு வைங்க. 0.63 ஜி வருது. அதே முடுக்கத்தை 100 வரைக்கும் விடாம பிடிச்சாலும் 4.5 செகண்ட். 200 ஹார்ஸ்பவர் போட்டாலும் 300 போட்டாலும் அந்த டயர்ல இதுக்கு கீழ போகாது, புகை தான் வரும்.

இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க, அதுல காரோட மொத்த எடை எங்கயுமே வரல. டயர் வழுக்கற எல்லைல இருக்கும்போது கார் 500 கிலோவா இருந்தா என்ன 700 ஆ இருந்தா என்ன, முடுக்கம் ஒன்னு தான் (டயருக்கு லோடு குறைஞ்சா பிடிமானம் லேசா கூடும், அந்தச் சின்ன லாபத்தை விடுங்க). எடை குறைச்சா வேகம்னு கண்ணை மூடிட்டு பின்னாடி இருக்கறதை எல்லாம் கழட்டி எறிஞ்சீங்கன்னா பின் பங்கு குறைஞ்சு கார் இன்னும் மெதுவா தான் கிளம்பும். எடுக்க வேண்டியது முன்னாடி இருந்து. முன்னாடி எடுக்க முடியாததை பின்னாடி நகர்த்துங்க. உதாரணத்துக்கு 14 கிலோ பேட்டரியை ரேடியேட்டர் பக்கத்துல இருந்து 2 மீட்டர் பின்னாடி டிக்கிக்கு மாத்தினா பின் ஆக்ஸில்ல சுமார் 12 கிலோ ஏறும், 52 சதவீதம் 54 ஆகும், அந்த 4.5 செகண்ட் 4.3 ஆகும். கேபிள் நீளமாகறதால ஒரு கிலோ கூடும்தான், பரவாயில்ல, ஆனா அந்த கேபிளுக்கு பேட்டரி பக்கத்துலயே ஒரு கட் ஆஃப் சுவிட்ச் கட்டாயம். இன்ஜினை 5 செமீ பின்னாடி தள்ளறதுக்கு ஃபுட்வெல்லை (கால் வைக்கற குழியை) எல்லாம் வெட்டறவங்க இருக்காங்க, 120 கிலோ இன்ஜின்னா அதுல பின்னாடி ஏறறது 3 கிலோ கூட இல்ல, அத்தனை வெல்டிங்குக்கு இது தகுமான்னு நீங்களே யோசிங்க.

டயர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். கேட்டர்ஹாம் 620ஆர் 310 ஹார்ஸ்பவர், 60 மைல் தொட 2.79 செகண்ட்னு சொல்றாங்க, அதெல்லாம் டிராக்குக்குன்னே செஞ்ச சாஃப்ட் டயர்ல தான் நடக்கும். பிடிமானத்தை 1ல இருந்து 1.4 ஆக்கி, பின் பங்கை 55 வச்சு மேல சொன்ன கணக்கை போட்டுப் பாருங்க, 1 ஜியைத் தாண்டும். எந்த டியூனிங்கும் அந்த அளவு கொடுக்காது. ஆனா சாஃப்ட் டயர் ஈரத்துல எமன், தினமும் ஓட்டற காருக்கு யோசிச்சு போடுங்க.

சேஸிஸ்க்கு வருவோம். 25 மிமீ சதுர ஸ்டீல் டியூப், 1.6 மிமீ சுவர்னா மீட்டருக்கு 1.18 கிலோ, 2 மிமீன்னா 1.44. 40 மீட்டர் டியூப் போகற சேஸிஸ்ல 47 கிலோவும் 58 கிலோவும், 11 கிலோ வித்தியாசம். "எதுக்கும் இருக்கட்டும்"னு 2 மிமீ வாங்கறது தான் புதுசா கட்டறவங்க பண்ற முதல் தப்பு. ஒரு ஃபிரேமோட உறுதி முக்கோணங்களா குறுக்கு டியூப் எங்க போகுதுங்கறதுல தான் பெரும்பாலும் இருக்கு, சுவர் கனத்துல அவ்வளவா இல்ல. வரைபடத்துல என்ன கனம் சொல்லியிருக்கோ அதையே போடுங்க, மெலிசாக்கவும் வேண்டாம், டியூப்ல ஓட்டை போட்டு எடை குறைக்கற வேலை வேண்டவே வேண்டாம். பேனலுக்கு 1.2 மிமீ அலுமினியம் சதுர மீட்டருக்கு 3.2 கிலோ, 1 மிமீ ஸ்டீல் 7.9, இதுல யோசிக்க ஒன்னுமில்ல. ஃபைபர்கிளாஸ் நீங்களே போடறதா இருந்தா ரெசின் தான் எடை, கண்ணாடி இழைப் பாயோட கனத்துல ஒன்னுமில்ல, ரோலரை வச்சு அழுத்தி வழிச்சு எடுங்க, வழியற அளவுக்கு ஊத்தறது பலமும் தராது.

மலிவா எடை குறையற இடம் டோனர் வயரிங். அதுல பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஏசி, பின் வைப்பர்னு உங்க கார்ல இல்லாத எதுக்கெல்லாமோ வயர் ஓடும். ரெண்டு சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு வயரா பிரிச்சா கிலோ கணக்குல செம்பு வெளிய வரும், செலவு இன்சுலேஷன் டேப் மட்டும். அடுத்து சீட், டோனர் சீட் ஒன்னு 15 கிலோவுக்கு மேல இருக்கும், ஃபைபர் ஷெல் சீட் அதுல மூணுல ஒரு பங்கு. இரும்பு பிளாக் பழைய இன்ஜினுக்கும் முழு அலுமினிய புது இன்ஜினுக்கும் பல சமயம் 30 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கும், அதுவும் முன்னாடி இருந்து போகற எடை. பைக் இன்ஜின் போட்டா எடை இன்னும் சரசரன்னு இறங்கும், ஆனா ரிவர்ஸ் கியர் இருக்காது, டார்க் எல்லாம் மேல 8000, 10000 ஆர்பிஎம்ல இருக்கும், பார்க்கிங்ல காரைத் தள்ளி விடற ஆள் நீங்க தான். போல்ட் கூட பாருங்க, நட்டைத் தாண்டி ரெண்டு மூணு மரை நீட்டினா போதும், 2 சென்டிமீட்டர் நீட்டிட்டு நிக்கறதெல்லாம் வெட்டி எடை, எனக்கு அதுலயே ஒரு கிலோ போச்சு. கை வைக்கக் கூடாதது ரோல் பார், சீட் பெல்ட் மாட்டற இடம், ஸ்டீயரிங் ஜாயின்ட், பிரேக் பெடல் பாக்ஸ், அப்ரைட் (சக்கரத்தைத் தாங்கற பாகம்). இதுல ஒரு கிராம் கூட மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சுத்தற எடை தனிக் கதை. டயர் ஓரத்துல ஒரு கிலோ குறைச்சா முடுக்கத்துக்கு அது ரெண்டு கிலோ குறைச்ச மாதிரி. ஃப்ளைவீல் அதைவிட வேடிக்கை. 27 செமீ விட்டமுள்ள 8 கிலோ ஃப்ளைவீலை 5 கிலோ ஆக்கறீங்கன்னு வைங்க, முதல் கியர் விகிதம் 3.3, ஃபைனல் டிரைவ் (டிஃப்ல இருக்கற கடைசி கியர் விகிதம்) 3.9ன்னா, கியர் விகிதம் வர்க்கமாகி வந்து முதல் கியர்ல அது சுமார் 60 கிலோ எடை குறைஞ்ச மாதிரி இருக்கும். நேர் கியர்ல (விகிதம் 1) அதே மாற்றம் 5, 6 கிலோவுக்கு சமம். ஆனா இதுலயும் ஒரு பிடி இருக்கு, முதல் கியர்ல டயர் தான் தடைன்னா அந்த 60 கிலோ லாபம் வெறும் காகிதத்துல தான், மேல லேசான ஃப்ளைவீல்னா கிளம்பும்போது இன்ஜின் டக்குனு ஆஃப் ஆகும். கிளட்ச் மாத்த எப்படியும் இன்ஜினை இறக்கறீங்கன்னா லேத்ல கொடுத்து பேலன்ஸ் பண்ணி வாங்குங்க, வார்ப்பிரும்பை இஷ்டத்துக்கு கடைய விடாதீங்க, 7000 ஆர்பிஎம்ல அது உடைஞ்சா உங்க கணுக்கால் பக்கத்துல தான் இருக்கு.

கியரிங்கை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. 185/60 ஆர்13 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.7 மீட்டர் உருளும். 7000 ஆர்பிஎம், ரெண்டாவது கியர் 2.0, ஃபைனல் 3.9ன்னா ரெண்டாவதுல 91 கிமீ தான், 100 தொட மூணாவது போட்டே ஆகணும், 0.4 செகண்ட் காலி. ஃபைனலை 3.54 ஆக்கினா ரெண்டாவதுலயே 100ஐத் தொட்டு நிக்கும். சக்கரத்துக்கு வர்ற டார்க் 9 சதவீதம் குறையும், ஆனா முதல் கியர்ல டார்க் மிச்சமா தானே இருந்துச்சு, அங்க ஒன்னும் இழப்பில்ல. காத்துத் தடை 100 வரைக்கும் பெரிய வில்லன் இல்ல, அதுக்கு மேல தான், 200ல காத்தைக் கிழிக்க மட்டுமே செவன் மாதிரி திறந்த காருக்கு 100 கிலோவாட் கிட்ட தேவைப்படும், அதனால தான் இந்தக் கார்கள் 160 வரைக்கும் பாய்ஞ்சுட்டு அப்புறம் சுவத்துல முட்டின மாதிரி ஆயிடும்.

லைவ் ஆக்ஸில் (ரெண்டு பின் சக்கரமும் ஒரே கெட்டி ஆக்ஸில்ல இருக்கற அமைப்பு) வச்சிருக்கறவங்களுக்கு ஒன்னு, புரொபெல்லர் ஷாஃப்ட் முறுக்கு வழக்கமா பின் வலது சக்கரத்தை தூக்கப் பார்க்கும், ஓபன் டிஃப்னா மொத்தப் பவரும் அந்தப் பக்கமே வழுக்கிப் போயிடும். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்தறதைக் கட்டுப்படுத்தற டிஃப்) போடுங்க, இல்லன்னா கார்னர் எடைல குறுக்கு மூலைகளோட கூட்டுத்தொகை ரெண்டும் சமமா வர்ற மாதிரியாவது ஸ்பிரிங் பெர்ச்சை (ஸ்பிரிங் உக்கார்ற, உயரம் மாத்தக்கூடிய தட்டை) திருகி வைங்க. அதுக்கு தான் முன்னாடி அந்த நாலு நம்பரை எழுதி வைக்கச் சொன்னது.

அளக்கறதுக்கு மூடின டிராக்கோ ஏர்ஸ்டிரிப்போ தான், ரோட்ல வேண்டாம். ஸ்பீடோமீட்டரை போன்ல வீடியோ எடுத்து செகண்ட் எண்ணறது கணக்கே இல்ல, ஐரோப்பாவுல செல்லுபடியாகற விதிப்படி ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டக் கூடாது, கூட காட்டலாம், 10 சதவீதமும் அதுக்கு மேல 4 கிமீயும் வரைக்கும். செகண்டுக்கு 10 தடவை அளக்கற 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் பாக்ஸ் ஒன்னு இரவல் வாங்குங்க. டயரை சூடாக்கி, 3000 ஆர்பிஎம்ல ஆரம்பிச்சு கிளட்சை படக்குனு விடாம கால்ல உணர்ந்து விடுங்க, லேசா வழுக்கிட்டே போகற நிலை தான் வேகம், புகை கிளம்பினா நேரம் போச்சு. ஒரு சதவீத சரிவு கூட 0.1 செகண்ட் கிட்ட மாத்திடும், அதனால போற திசைல மூணு வர்ற திசைல மூணு ஓட்டி சராசரி எடுங்க. பாக்ஸ்ல ரோல் அவுட்னு ஒரு செட்டிங் இருக்கும், நேர்கோட்டு டிராக் (drag) ரேஸ் வழக்கப்படி முதல் ஒரு அடி தூரத்தை கணக்குல சேர்க்காம அதுக்கப்புறம் தான் கடிகாரம் ஓடும். 0.6 ஜில கிளம்பற காருக்கு அந்த ஒரு அடி மட்டுமே 0.3 செகண்ட். உங்க கார் 5.2 காட்டி, அதே மாதிரி கார் வச்சிருக்கற இன்னொருத்தர் 4.9ன்னு சொன்னா, இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ரோல் அவுட் ஆனா ஆஃபான்னு கேளுங்க.